உதட்டுக்கும் முகச் சுருக்கத்துக்கும் ஊசி: இரண்டில் எது நல்லது?

போன சித்திரையில் ஒரு நாள். மூட்டு வலிக்காக ஆறேழு வருஷமாக என்னிடம் வைத்தியம் பார்க்கும் டீச்சரம்மா ஒருவர், 24 வயது மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். நாடி பிடித்து முடித்ததும் கைப்பையிலிருந்து இரண்டு வழவழப்பான விளம்பரத் தாள்களை எடுத்து என் மேஜையில் பரப்பினார்.

"டாக்டர், ஆவணியில இவளுக்குக் கல்யாணம். போட்டோ எடுத்தா எனக்கு மூக்குலேருந்து வாய் வரைக்கும் ரெண்டு கோடு பள்ளமா விழுது. இவளுக்கோ உதடு மெலிசா இருக்குன்னு மனக்குறை. ஊசி போட்டா சரியாயிடுமாம். ஒரு இடத்துல 'ரெஸ்டிலேன்'ங்கறாங்க, இன்னொரு இடத்துல 'ஜுவிடெர்ம்'ங்கறாங்க. ரெண்டுல எது நல்லதுன்னு நீங்க சொல்லுங்க. உங்களத்தான் நான் நம்புவேன்!"

சித்த வைத்தியனிடம் போய் இதைக் கேட்கிறாரே என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் டீச்சரம்மாவின் கேள்விக்கு வருவோம்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊசியை நான் போடுவதில்லை. போடவும் கூடாது, என் படிப்பு அதற்கானது அல்ல. ஆனால் ஊசி போட்டுக்கொண்டு வருகிறவர்களை நானும் பார்க்கிறேன். அதனால் தோல் மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

சுருக்கம் ஏன் விழுகிறது?

நரை, திரை, மூப்பு என்று நம் சித்தர்கள் மூன்றையும் சேர்த்தே சொன்னார்கள். திரை என்றால் தோல் சுருக்கம். வயதாக ஆகத் தோலுக்குள் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்பொருள் குறைகிறது. தோலுக்கு அடியில் மெத்தை போல இருக்கும் கொழுப்பு வற்றி, கீழ்நோக்கிச் சரிகிறது. எலும்புகூடக் கொஞ்சம் தேய்கிறது. உறைக்குள் பஞ்சு குறைந்தால் தலையணை என்ன ஆகும்? உறை தொளதொளவென்று மடிப்பு விழும் இல்லையா? முகத்திலும் அதே கதைதான். வெயிலும் புகையிலையும் இதை வேகப்படுத்தும்.

ஆனால் எல்லாச் சுருக்கமும் ஒரே வகை அல்ல. புருவத்தை உயர்த்தும்போது நெற்றியில் விழும் கோடு, சிரிக்கும்போது கண்ணோரம் விழும் கோடு இவையெல்லாம் தசை சுருங்குவதால் வருபவை. இவற்றுக்குப் போடுவது 'போடாக்ஸ்' என்ற ஊசி. அது தசையைக் கொஞ்ச காலத்துக்குத் தளர்த்தி வைக்கிறது. முகத்தை அசைக்காமல் இருக்கும்போதும் தெரிகிற பள்ளத்துக்கும், உதட்டுக்கும் போடுவது 'ஃபில்லர்'. அதாவது, உள்ளே நிரப்புகிற ஊசி. பலரும் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். "போடாக்ஸ் போட்டு உதட்டைப் பெரிசாக்கணும்" என்று யாராவது சொன்னால், அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம்!

ஊசிக்குள் இருப்பது என்ன?

ரெஸ்டிலேன், ஜுவிடெர்ம், பெலோடெரோ... பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றேதான். ஹையலுரானிக் ஆசிட். 'ஆசிட்' என்றதும் பயந்துவிடாதீர்கள். சர்க்கரை இனத்தைச் சேர்ந்த ஒரு பொருள் அது. உங்கள் தோலிலும், கண்ணிலும், மூட்டுக்குள் இருக்கும் வழுவழு திரவத்திலும் இப்போதே இருக்கிறது. 1934-ம் ஆண்டு அமெரிக்காவில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இருவர் மாட்டுக் கண்ணிலிருந்து இதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் எப்படி நீரை இழுத்து வைத்துக்கொண்டு உப்புகிறதோ, அப்படித் தண்ணீரைப் பிடித்து வைப்பது இதன் குணம்.

இதற்கு முன்பு, 1981-லிருந்து, மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜனை ஊசியாகப் போட்டு வந்தார்கள். அலர்ஜி வருமா என்று முன்கூட்டியே கையில் போட்டுப் பார்த்து, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூன்று, நான்கு மாதத்தில் கரைந்தும் போய்விடும். அதற்குப் பதிலாகத்தான் ஹையலுரானிக் ஆசிட் வந்தது. ஸ்வீடன் நாட்டுத் தயாரிப்பான ரெஸ்டிலேன் 1996-ல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 2003-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. ஜுவிடெர்முக்கு அங்கே 2006-ல் அனுமதி. இன்று இந்தச் சரக்கை நுண்ணுயிரிகளைக் கொண்டு புளிக்க வைத்துத் தயாரிக்கிறார்கள்.

உடம்பில் இயற்கையாக இருக்கும் ஹையலுரானிக் ஆசிட் ஓரிரு நாளில் கரைந்து, புதிதாக ஊறிக்கொண்டே இருக்கும். ஊசியில் இருப்பது அப்படி உடனே கரைந்துவிடாமல் இருக்க, அதன் இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு ஜெல்லியாக்குகிறார்கள். முடிச்சு அதிகமானால் ஜெல்லி கெட்டியாகும், நீண்ட நாள் தாங்கும். குறைந்தால் இளக்கமாக இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசப்படுவது பெரும்பாலும் இந்த முடிச்சுப் போடும் முறையில்தான்.

எல்லாம் பதம்தான்!

எங்கள் வைத்தியத்தில் மணப்பாகு, இளகம், மெழுகு என்று மருந்து வகைகள் உண்டு. மணப்பாகு தேன்போல ஓடும். இளகம் என்கிற லேகியம் விரலில் எடுத்தால் நிற்கும். மெழுகு உருட்டினால் உருளும். பதம் தப்பினால் மருந்தே கெட்டது. ஃபில்லரையும் அப்படியே புரிந்துகொள்ளுங்கள்.

உதட்டுக்கும், உதட்டைச் சுற்றி விழும் மெல்லிய கோடுகளுக்கும் மணப்பாகு போன்ற இளக்கமான ஜெல்லி வேண்டும். உதடு நாள் பூராவும் பேசுகிறது, சாப்பிடுகிறது, சிரிக்கிறது. அங்கே கெட்டியானதைப் போட்டால் கையில் தட்டுப்படும், வாத்து மூக்குப் போலத் துருத்தும். மூக்கோரத்திலிருந்து வாய் வரை இறங்கும் பள்ளத்துக்கு லேகியப் பதம். கன்னத்துக்கும் தாடைக்கும், எலும்பை ஒட்டி ஆழத்தில் நின்று தூக்கிப் பிடிக்க மெழுகுப் பதம்.

இந்தப் பதங்கள் எல்லாம் இரண்டு கம்பெனியிலுமே இருக்கின்றன. இதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம். ஜுவிடெர்ம் குடும்பத்தில் 'வோல்பெல்லா' என்பது இளக்கமானது. ஒரு மில்லிக்கு 15 மில்லிகிராம் சரக்கு. உதட்டுக்காக 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே குடும்பத்தின் 'அல்ட்ரா'வில் 24 மில்லிகிராம். ரெஸ்டிலேனின் பழைய வகையில் 20 மில்லிகிராம். அதை உதட்டுக்குப் போட 2011-ல் அனுமதித்தார்கள். உதட்டுக்கென்றே செய்த 'ரெஸ்டிலேன் கிஸ்' 2020-ல் அங்கே அனுமதி பெற்றது.

சரி, வித்தியாசமே இல்லையா? உண்டு. பழைய ரெஸ்டிலேன் சல்லடையில் சலித்த குருணை போல, சிறுசிறு துகள்களாக இருக்கும். ஜுவிடெர்ம் வழவழவென்று ஒரே சீராக இருக்கும். ரவா கேசரிக்கும் அல்வாவுக்கும் உள்ள வித்தியாசம் என்று வையுங்கள். சில வகைகள் அதிகமாகத் தண்ணீரை இழுப்பதால் முதல் சில நாட்களில் வீக்கம் கூடுதலாகத் தெரியலாம். உதட்டில் சுமார் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம், அசைவு குறைந்த கன்னத்தில் அதைவிட அதிக காலம் என்ற கணக்கு இரண்டுக்குமே ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே பதத்தில் உள்ள இரண்டை எடுத்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரி உங்கள் முகத்தைப் பார்த்து எந்தக் கம்பெனி என்று கண்டுபிடிக்க மாட்டாள்.

உதட்டுக்கு வேண்டாதவை

வேறு ஃபில்லர்களும் இருக்கின்றன. 'ரேடியஸ்' என்பது கால்சியம் வகை. எலும்பிலும் பல்லிலும் இருக்கும் தாதுவைச் சேர்ந்தது. 'ஸ்கல்ப்ட்ரா' என்பது தோலையே புதுக் கொலாஜன் உண்டாக்கத் தூண்டுவது. ஆழமான பள்ளத்துக்குச் சில டாக்டர்கள் இவற்றைப் பயன்படுத்துவார்கள். உதட்டுக்கு இவை கூடாது, கட்டி கட்டியாகிவிடும்.

"ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும்" என்று ஆசை காட்டும் நிரந்தர ஃபில்லர்களை உதட்டுக்கு வேண்டவே வேண்டாம். திரவ சிலிகானைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. முகம் வருஷா வருஷம் மாறும், உள்ளே போட்டது மாறாது. தப்பானால் கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்போதும் முழுசாக வராது.

ஹையலுரானிக் ஆசிட்டின் பெரிய சௌகரியமே இங்குதான் இருக்கிறது. அதற்கு மாற்று மருந்து உண்டு. ஹையலுரானிடேஸ் என்று பெயர். கண் ஆபரேஷனின்போது மரத்துப்போகும் ஊசியோடு சேர்த்துப் போடுகிற பழைய மருந்து அது. ஃபில்லர் பிடிக்காவிட்டாலும், தப்பான இடத்துக்குப் போய்விட்டாலும், அந்த ஊசியைப் போட்டுக் கரைத்துவிடலாம். எந்த விஷத்துக்கும் முறிவு தெரிந்த பிறகே மருந்தாக்கு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதே பாடம்தான் இதற்கும்.

எனக்கு நேர்ந்த பாடம்

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன அந்தக் காரணம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு என் மைத்துனர் மகள் போன் செய்தாள். "மாமா, சாயங்காலம் பியூட்டி பார்லர்ல உதட்டுக்கு ஊசி போட்டுக்கிட்டேன். மேல் உதடு ரொம்ப வலிக்குது. ஒரு பக்கம் வெளுத்தாப்ல இருக்கு" என்றாள். நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். "ஊசி குத்தினா வலிக்கத்தான் செய்யும். ஐஸ் வச்சுக்கிட்டுத் தூங்கு. காலையில வா, ஏதாவது பத்துப் போடலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

காலையில் வந்தாள். துப்பட்டாவை விலக்கியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேல் உதட்டின் இடது பக்கம் முதல் மூக்கோரம் வரை, மீன் வலையை ஒட்டி வைத்தது போல ஊதா நிறத்தில் பின்னல். கட்டை விரலால் அழுத்தி எடுத்தேன். நல்ல தோலில் ஒரு நொடி, இரண்டு நொடியில் ரத்தம் திரும்பிச் சிவக்கும். இங்கே திரும்பவில்லை. தொட்டால் சில்லென்று இருந்தது.

விஷயம் புரிந்துவிட்டது. ஜெல்லி ரத்தக் குழாயை அடைத்திருக்கிறது. ரத்தம் போகாத இடம் செத்துப்போகும். ஐஸ் வைத்தால் குழாய் இன்னும் சுருங்கும். நான் சொன்ன யோசனை அவளுக்குக் கெடுதலைத்தான் செய்திருந்தது. உடனே ஒரு தோல் மருத்துவருக்குப் போன் செய்து, ஆட்டோவில் நானே கூட்டிக்கொண்டு ஓடினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஃபில்லர் போட்டாங்க? பெட்டி இருக்கா?" என்பது. பெட்டி இல்லை, பில் இல்லை. பார்லரில் கேட்டால் "இம்போர்ட்டட்" என்ற ஒரே பதில். ஹையலுரானிக் ஆசிட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று தைரியமாகக் கரைக்கும் மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டார் அந்த டாக்டர். எங்கள் நல்ல காலம், அதுவாகத்தான் இருந்தது. சாயங்காலத்துக்குள் நிறம் திரும்பியது. ஆனாலும் பன்னிரண்டு மணி நேரம் வீணாகிப் போனதற்கு அடையாளமாக, மூக்குக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு நின்றுவிட்டது.

அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் என் பங்கும் உண்டு என்று மனசு குத்தும். டீச்சரம்மா கேட்டபோது எனக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் இதுதான்.

இந்த அடைப்பு அபூர்வம்தான். கை தேர்ந்த டாக்டருக்கும் நேரலாம். ஆனால் அவருக்கு அது உடனே தெரியும், முறிவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். புருவ நடு, மூக்கு, நெற்றி ஆகிய இடங்களில் போடும்போது ஆபத்து இன்னும் பெரிது. அங்குள்ள குழாய்கள் கண்ணின் ரத்தக் குழாயோடு தொடர்புள்ளவை. பார்வையே போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. போன பார்வை திரும்புவது மிக அரிது.

இவை தெரிந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள்

* போட்ட இடமோ அதன் அக்கம்பக்கமோ திடீரென்று வெளுத்துப் போவது
* வலை போல நீலம் அல்லது ஊதா நிறம் படர்வது
* நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும் கடும் வலி
* பார்வை மங்குவது, இரண்டாகத் தெரிவது, கண் வலி
* பேச்சுக் குழறுவது, முகமோ கை காலோ ஒரு பக்கம் பலவீனமாவது

முதல் மூன்றுக்கும் ஊசி போட்ட டாக்டரிடமே ஓடுங்கள். அவர் கிடைக்காவிட்டால் வேறு தோல் மருத்துவரிடமோ பெரிய ஆஸ்பத்திரிக்கோ போங்கள். கண்ணும் பேச்சும் சம்பந்தப்பட்டால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுதான். மஞ்சள், சந்தனம், கற்றாழை என்று எதையும் தடவிப் பார்க்காதீர்கள். என்னைப் போன்ற வைத்தியர் வீட்டு வாசலிலும் வந்து நிற்காதீர்கள்!

சாதாரண வீக்கமும், கன்றிப்போன நீலமும் வேறு. வீக்கம் இரண்டு மூன்று நாளில் வடியும். கன்றியது ஒரு வாரம், பத்து நாளில் மறையும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்? தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். அழகு நிலையச் சான்றிதழ் போதாது.

2. என்ன சரக்கு? பெட்டியை என் கண் முன்னால் பிரிப்பீர்களா? இந்தியாவில் ஃபில்லர் மருத்துவச் சாதன விதிகளின் கீழ் வருகிறது. வெளிநாட்டுச் சரக்கானால் பெட்டியில் இறக்குமதி உரிம எண்ணும், இறக்குமதி செய்தவர் முகவரியும் இருக்க வேண்டும். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள ஸ்டிக்கரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

3. கரைக்கும் மருந்து ஹையலுரானிடேஸ் இப்போது இங்கே இருக்கிறதா? "தேவைப்பட்டா வரவழைச்சுக்கலாம்" என்று பதில் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வாருங்கள்.

4. எந்த இடத்துக்கு எந்தப் பதம், எவ்வளவு? ஒரு சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு மில்லிதான். டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு! முதல் தடவை குறைவாகப் போட்டு, இரண்டு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சிரிஞ்சை இரண்டு பேருக்குப் பங்கு போடவே கூடாது.

5. ராத்திரி பிரச்னை என்றால் யாரைக் கூப்பிடுவது? கையோடு நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசியே இல்லாமல் பேனா போன்ற கருவியால் அழுத்தி உள்ளே செலுத்துவதாக விற்கிறார்கள். இவற்றை வாங்கவே வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2021-ல் எச்சரித்தது.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், முகத்தில் பருவோ புண்ணோ சீழோ இருப்பவர்கள் தள்ளிப் போட வேண்டும். உதட்டில் அடிக்கடி அக்கி போலக் கொப்புளம் வருபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசி அதைக் கிளப்பிவிடும், தடுக்க மாத்திரை உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள். நாங்கள் கொடுக்கும் சூரணம், லேகியம், பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில, ரத்தக் கசிவைக் கூட்டும். "நாட்டு மருந்துதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

சித்தாவில் மாற்று இல்லையா, டாக்டர்?

இந்தக் கேள்வி எனக்குத் தினமும் வருகிறது. உண்மையைச் சொல்கிறேன். விழுந்துவிட்ட பள்ளத்தை நிரப்பவும், மெல்லிய உதட்டைத் தடிக்க வைக்கவும் எங்களிடம் மருந்து இல்லை. இருப்பதாகச் சொல்லி எண்ணெய் விற்பவரை நம்பாதீர்கள். பட்டைத் தூளையும் மிளகாயையும் உதட்டில் தேய்த்தால் பெரிசாகும் என்பார்கள். அது எரிச்சலில் வருகிற வீக்கம்தான், புண்ணாகும்.

வறண்டு வெடித்த உதட்டுக்கு ராத்திரி படுக்கும்முன் வெண்ணெயோ நெய்யோ தடவலாம். உதட்டை நாக்கால் ஈரப்படுத்தும் பழக்கத்தை விடலாம். வெயிலில் போகும்போது குடை பிடிக்கலாம், முகத்துக்கு சன்ஸ்க்ரீன் போடலாம். புகையிலையை விடலாம், நேரத்துக்குத் தூங்கலாம். இவை இனி விழப்போகும் சுருக்கத்தைத் தள்ளிப் போடும். விழுந்ததை அழிக்காது.

டீச்சரம்மா என்ன செய்தார்?

ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். விளம்பரம் வந்த முதல் இடத்தில் மூன்றாவது கேள்விக்கே முகம் சுளித்தார்களாம். எழுந்து வந்துவிட்டார். இரண்டாவதாகப் போன தோல் மருத்துவர் அலமாரியைத் திறந்து மருந்தைக் காட்டியே பதில் சொன்னாராம். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே டீச்சரம்மா ஒரே ஒரு சிரிஞ்சை இரண்டு பக்கமும் பிரித்துப் போட்டுக்கொண்டார். மகளின் உதட்டோரம் அப்போது கொப்புளம் இருந்ததால் டாக்டர் போட மறுத்துவிட்டார். "கல்யாணம் முடியட்டும், அப்பவும் வேணும்னா வாம்மா" என்றாராம். பெண் அதற்குப் பிறகு போகவே இல்லை.

ஆவணியில் பந்தியில் என் பக்கத்தில் வந்து டீச்சரம்மா குனிந்து சொன்னார்: "டாக்டர், ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கலை. 'பொண்ணு கல்யாண சந்தோஷம் மூஞ்சியில தெரியுது'ன்னுதான் சொல்றாங்க!"

"சரி, கடைசியில எந்தக் கம்பெனி போட்டீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "பெயர் மறந்துபோச்சு டாக்டர். ஸ்டிக்கர் பீரோவுல பத்திரமா இருக்கு" என்றார்.

பெயர் மறந்தால் பரவாயில்லை. ஸ்டிக்கர் பீரோவில் இருக்கிறதே, அது போதும்.